நிரந்தரப் பல் நிறம் மாறினால்: வெண்மையாக்கும் முன் செய்ய வேண்டியவை

என் மேல்வரிசை முன்பற்களில் இடப்பக்கத்துப் பல் 16 வயதில் நிறம் மாறத் தொடங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு சைக்கிளிலிருந்து விழுந்ததில் உதடு கிழிந்து, அந்தப் பல் லேசாக ஆடியது. சில வாரங்களில் ஆட்டம் நின்றது, வலியும் போனது, வீட்டில் எல்லோரும் மறந்துவிட்டோம். பிறகு பல் மெல்ல மெல்லச் சாம்பல் பூத்தது. வலிக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் பதினோரு வருடம் அதை அப்படியே விட்டேன். 27 வயதில் ஒருநாள் காலை எழுந்தபோது மேலுதட்டுக்கு உள்ளே வீங்கியிருந்தது. எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து, வட்டமாக ஒரு நிழல் தெரிந்தது. பல்லின் நரம்பு செத்துப் பல வருடம் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர்.

அந்தப் பதினோரு வருடத்தில் அந்தப் பல்லுக்காக நான் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. வெண்மையாக்கும் பேஸ்ட்டுகளை மாற்றி மாற்றித் தேய்த்தேன். உள்ளிருந்து வந்த நிறத்துக்கு வெளியே மருந்து போட்டுக்கொண்டிருந்தேன். பல் நிறம் மாறியதும் நம் மனம் உடனே 'எப்படி வெள்ளையாக்குவது' என்றுதான் ஓடுகிறது. அதற்கு முன்னால் 'ஏன் மாறியது' என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். நிறம் மாறிய நிரந்தரப் பல்லோடு முதன்முறையாக நிற்பவர்களுக்காக, அந்தக் கேள்வியில் தொடங்கி ஒவ்வொரு படியாக எழுதுகிறேன்.

பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது

பல்லின் மேலோடு எனாமல். உடலிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் ஏறக்குறைய 96 சதவீதம் தாது உப்பு. உயிரணுக்கள் இல்லாததால், தேய்ந்துபோன எனாமல் மறுபடி வளராது. பலரும் நினைப்பதுபோல் அது பால்வெள்ளையும் இல்லை. பனி படிந்த கண்ணாடி மாதிரி ஓரளவு ஒளி ஊடுருவும். அதற்கு அடியில் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். நாம் பார்க்கும் பல்லின் நிறம் பெரும்பாலும் எனாமல் வழியாகத் தெரியும் டென்டினின் நிறமே. டென்டினுக்கும் உள்ளே, நடுவில், ரத்தக் குழாய்களும் நரம்புகளும் அடங்கிய மென்மையான திசு இருக்கிறது. பல்கூழ் என்று பெயர். பேச்சில் எல்லோரும் 'நரம்பு' என்கிறோம்.

ஆகவே நிறம் மாறும் இடங்கள் மூன்று: எனாமலின் மேல் எதாவது படிந்திருக்கலாம், எனாமலோ டென்டினோ உருவாகும்போதே பழுதாகியிருக்கலாம், அல்லது உள்ளே நரம்புக்கு ஏதோ நேர்ந்திருக்கலாம். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிகிறது, டென்டின் தடித்துக்கொண்டே போகிறது. ஐம்பது வயதுப் பல் இருபது வயதுப் பல்லைவிட மஞ்சளாக இருப்பது இதனால்தான். அது நோய் அல்ல.

முதல் படி: ஒரு பல்லா, எல்லாப் பற்களுமா?

பல் துலக்கிவிட்டு, பகல் வெளிச்சம் விழும் ஜன்னலருகே நின்று பாருங்கள். குளியலறையின் மஞ்சள் விளக்கு நிறத்தை மாற்றிக் காட்டும். பல் எச்சில் ஈரத்தோடு இருக்கட்டும். வாயைத் திறந்தபடி வைத்துப் பல்லை உலரவிட்டால், இல்லாத வெண்மை தெரியும். உதட்டை விரலால் ஒதுக்கி ஒரு புகைப்படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். நிறமாற்றம் பெரும்பாலும் மாதக்கணக்கில் நடப்பது. 'முன்பைவிடக் கருத்திருக்கிறதா' என்ற கேள்விக்கு ஞாபகத்தை நம்ப முடியாது, படத்தை நம்பலாம்.

இப்போது முக்கியமான கேள்வி. எல்லாப் பற்களும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் காரணம் பொதுவாக வயது, புகை, தேநீர், காபி, காரை (பல்லில் கல்போல் இறுகிப் படியும் அழுக்கு), குழந்தைப் பருவத்து மருந்து, குடிநீர் போன்றவையாக இருக்கும். நேரம் எடுத்து நிதானமாக ஆராயலாம். ஒரே ஒரு பல் மட்டும் பக்கத்துப் பல்லிலிருந்து வேறுபட்டிருந்தால் கதை வேறு. தேநீர் ஒரு பல்லை மட்டும் தேர்ந்தெடுத்துக் கறையாக்காது. அந்தப் பல்லுக்கென்று தனியாக ஏதோ நடந்திருக்கிறது: அடி, சொத்தை, பழைய அடைப்பு, பழைய வேர் சிகிச்சை (உள்ளிருக்கும் நரம்பை எடுத்துவிட்டு வேர்க்குழாயை அடைப்பது), இவற்றில் ஒன்று. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய பல் அது.

நிறமும் கொஞ்சம் பேசும். நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ஆனால் எவ்வளவு சீக்கிரம் போக வேண்டும் என்று தீர்மானிக்க உதவும்.

சாம்பல், நீலச்சாம்பல், கருப்பு: ஒற்றைப் பல்லில் இந்த நிறம் என்றால் நரம்பு இறந்திருக்க வாய்ப்பு அதிகம். அடிபட்டபோது உள்ளே கசிந்த ரத்தம் சிதைந்து, அதிலுள்ள இரும்பு டென்டினின் நுண்குழல்களுக்குள் போய்த் தங்கிவிடுகிறது. பழைய வெள்ளி அடைப்பு இருந்தாலும் இதே சாம்பல் நிறம் எனாமல் வழியாகத் தெரியும்.

இளஞ்சிவப்பு: இரண்டு விதம். அடிபட்ட சில நாட்களுக்குள் பல் முழுக்கச் சிவந்தால் அது உள்ளே நடந்த ரத்தக் கசிவு. நரம்பு தப்பித்துக்கொண்டால் நிறம் திரும்பவும் கூடும். எந்த அடியும் ஞாபகத்தில் இல்லாமல், பல்லின் ஓரிடத்தில், குறிப்பாக ஈறுக்கு அருகில், ஒரு சிவந்த புள்ளி தெரிந்தால் அது பல் உள்ளுக்குள்ளோ ஓரத்திலோ கரைந்துகொண்டிருப்பதன் அடையாளமாக இருக்கலாம். மெலிந்துபோன ஓட்டின் வழியாக உள்ளிருக்கும் ரத்தநாளத் திசு தெரிகிறது என்று அர்த்தம். இதைத் தள்ளிப்போடவே கூடாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றக்கூடிய பல், தாமதித்தால் கைவிட்டுப் போய்விடும்.

அடர் மஞ்சள்: அடிபட்ட பல்லுக்குள் நரம்பு உயிரோடு இருந்துகொண்டே, உள்ளறையை டென்டினால் நிரப்பி மூடிக்கொண்டே வரும்போது பல் இப்படி மஞ்சளாகும். பார்க்கச் சங்கடம்தான், ஆனால் பெரும்பாலான இத்தகைய பற்களுக்கு வேர் சிகிச்சை தேவைப்படுவதில்லை. இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் நிறத்தை மட்டும் பார்த்து இந்தப் பல்லைத் துளைத்தால், மூடிப்போன வேர்க்குழாயைத் தேடும் முயற்சியில் நல்ல பல் பலவீனமாகிவிடும்.

சுண்ணாம்பு வெள்ளை: ஈறின் ஓரமாகப் பளபளப்பில்லாமல் வெளுத்திருந்தால் அது சொத்தையின் முதல் கட்டம். கம்பி போட்டுக் கழற்றியவர்களின் பற்களில், கம்பியின் தாங்கிகள் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றி இது அடிக்கடி தெரியும். குழி விழாதவரை ஃப்ளூரைடால் இதை மீண்டும் இறுகச் செய்ய முடியும். பல் முளைத்தபோதே இருந்த வெள்ளைத் திட்டு என்றால் அது எனாமல் உருவாகும்போது நேர்ந்த குறை.

பழுப்பு, கருப்பு: மேலே படிந்த கறையாகவும் இருக்கலாம், சொத்தையாகவும் இருக்கலாம். ஈறின் ஓரமாக, எல்லாப் பற்களிலும் பென்சிலால் கோடு இழுத்தாற்போல் கருப்பாக இருந்தால் அது நிறமியை உண்டாக்கும் பாக்டீரியாவின் வேலை. குழந்தைகளிடம் அதிகம் பார்க்கலாம். சுத்தம் செய்தாலும் திரும்ப வரும். பெற்றோர் சொத்தை என்று பயந்துபோவார்கள். ஆனால் இந்தக் கோடு உள்ள குழந்தைகளுக்குப் பொதுவாகச் சொத்தை குறைவாகவே இருப்பதாகத்தான் பல ஆய்வுகள் சொல்கின்றன.

இரண்டாம் படி: பல்லின் வரலாற்றைத் தோண்டுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. ஆனால் எந்தக் கருவியும் கண்டுபிடிக்காத காரணத்தை இந்தத் தாள் சொல்லிவிடும்.

முதலில் அடி. கீழே விழுந்தது, பந்து பட்டது, யாரோ ஒருவரின் தலை மோதியது என்று பத்து, இருபது வருடத்துக்கு முந்தையதையும் எழுதுங்கள். அடிபட்ட பல் உடனே கருத்துவிட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எனக்கு நிறம் தெரிய இரண்டு வருடம் ஆனது. சிலருக்கு அதைவிடவும் அதிகம். வீட்டில் பெரியவர்களிடம் கேளுங்கள், உங்களுக்கு நினைவில்லாத விழுகை அவர்களுக்கு நினைவிருக்கும். பால்பல்லில் பட்ட அடியும் கணக்கில் சேரும். பால்பல்லின் வேருக்குப் பக்கத்திலேயேதான் நிரந்தரப் பல்லின் கரு வளர்ந்துகொண்டிருக்கும். பால்பல்லில் அடியோ சீழோ வந்தால், பிறகு முளைக்கும் நிரந்தரப் பல்லில் வெள்ளை அல்லது பழுப்புத் திட்டு விழலாம்.

அடுத்து மருந்துகள். டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லிகள் கால்சியத்தோடு பிணைந்து, உருவாகிக்கொண்டிருக்கும் டென்டினில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். கருவுற்ற காலத்தின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை இந்த ஆபத்து உண்டு. முளைக்கும்போது மஞ்சளாக இருக்கும் பல், வெளிச்சம் பட்டுப்பட்டு வருடப்போக்கில் பழுப்பாகவும் சாம்பலாகவும் மாறும். குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். அதே குடும்பத்தின் மினோசைக்ளின், பருக்களுக்காக நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும் பெரியவர்களின் பற்களையும் நிறம் மாற்றக்கூடும். இரும்புச்சத்து திரவ மருந்து கருப்பாகப் படியும். ஈறுக்காகக் கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கொப்புளிப்பு நீர் சில வாரங்களிலேயே பழுப்புக் கறை விடும். இந்த இரண்டும் மேற்பரப்பில்தான் இருக்கின்றன, சுத்தம் செய்தால் போய்விடும். அதற்காக மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, எட்டு வயது வரை நீங்கள் குடித்த தண்ணீர். இதற்குப் பின்னால் பல் மருத்துவத்தின் பெரிய துப்பறியும் கதை ஒன்று இருக்கிறது. 1901இல் ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்குத் தொழில் செய்யப் போனார். அங்கே பிறந்து வளர்ந்த பலரின் பற்களில் சாக்லேட் நிறத்தில் கறை. காரணம் யாருக்கும் தெரியவில்லை. அவர் விடவில்லை. அக்காலத்தின் மிகப் பெரிய பல் மருத்துவ அறிஞர் ஜி. வி. பிளாக்கை அழைத்துவந்தார், இருவரும் சேர்ந்து ஆராய்ந்ததில், பல் உருவாகும் வயதில் அங்கே வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே இது வருகிறது என்றும், கறை பட்ட அந்தப் பற்கள் வியக்கத்தக்க அளவு சொத்தையை எதிர்க்கின்றன என்றும் கண்டார்கள். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று மெக்கே உறுதியாக நம்பினார். ஆனால் அது என்ன என்று தெரிய 1931 ஆனது. அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலாளர் எச். வி. சர்ச்சில், இதே போன்ற கறை இருந்த இன்னோர் ஊரின் தண்ணீரைச் சோதித்து, அதில் அளவுக்கு மீறிய ஃப்ளூரைடு இருப்பதைக் கண்டுபிடித்தார். முப்பது வருடத் தேடல். இன்று உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளூரைடு இருக்கக் கூடாது என்கிறது. உங்கள் பற்களில் இடமும் வலமும் ஒரே மாதிரி, மேகம் படர்ந்ததுபோல் வெள்ளையோ பழுப்போ இருந்தால், சிறுவயதில் எந்த ஊரின் எந்தத் தண்ணீரைக் குடித்தீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வயதுப் பள்ளித் தோழர்களின் பற்களும் அப்படியே இருந்தனவா என்பதும் நல்ல துப்பு.

கடைசியாக, அந்தப் பல்லில் முன்பு செய்த சிகிச்சைகள். வேர் சிகிச்சை செய்த பல் கருப்பது சகஜம். உள்ளே விட்டுப்போன திசு, ரத்தம், அடைத்த பொருள் என்று எதுவும் காரணமாக இருக்கலாம்.

எப்போது உடனே போக வேண்டும்

நிறம் மாறிய பல்லோடு கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்தாதீர்கள்: ஈறில் பருப்போல ஒரு கொப்புளம் வந்து வந்து போவது, அதிலிருந்து சீழோ உப்புக்கரிக்கும் திரவமோ கசிவது, கடிக்கும்போதோ தட்டும்போதோ வலி, பல் ஆடுவது அல்லது உயர்ந்தாற்போல் தோன்றுவது, தூங்கவிடாத வலி. அந்தக் கொப்புளம் உடைந்ததும் வலி குறைந்து நிம்மதியாக இருக்கும். அதை நம்ப வேண்டாம். சீழ் வெளியே வர வழி கிடைத்திருக்கிறது, சீழுக்கான காரணம் உள்ளேயே இருக்கிறது.

முகம் வீங்கி, காய்ச்சல் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால் பல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்காமல் நேரே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மூன்றாம் படி: மருத்துவரின் நாற்காலியில்

அங்கே என்ன நடக்கும் என்று முன்பே தெரிந்தால் பயம் பாதியாகும். பல்லைக் கருவியின் பின்புறத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பார். குளிரூட்டிய பஞ்சுருண்டையைப் பல்லில் வைத்து, குளிர்ச்சி தெரிகிறதா என்று கேட்பார். பக்கத்துப் பல்லிலும், மறுபக்கத்து அதே பல்லிலும் வைத்து ஒப்பிடுவார். சிலர் மெல்லிய மின் உணர்வு தரும் சிறு கருவியையும் பயன்படுத்துவார்கள். பல்லுக்குப் பின்னால் பிரகாசமான விளக்கைக் காட்டி விரிசல் தேடுவார். பிறகு வேர் முழுதும் தெரியும்படி ஒரு எக்ஸ்ரே. ஒற்றைப் பல் நிறம் மாறிப் போயிருக்கும்போது எக்ஸ்ரே எடுக்காமல் நேரே பிளீச்சிங் பற்றிப் பேசினால், 'முதலில் வேரைப் பார்த்துவிடலாமா?' என்று தயங்காமல் கேளுங்கள்.

இங்கே பொறுமையும் தேவை. புதிதாக அடிபட்ட பல் மூன்று மாதம் வரைகூடக் குளிர்ச்சிக்கு மௌனமாக இருக்கலாம். அதனால் மட்டும் நரம்பு செத்துவிட்டது என்று ஆகாது. பல் காயங்களுக்கான சர்வதேச மருத்துவ அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நரம்பு இறந்துவிட்டது என்று தீர்மானிக்கக் குறைந்தது இரண்டு அடையாளங்கள் சேர்ந்திருக்க வேண்டும் என்கிறது. நிறமாற்றம் அவற்றில் ஒன்று மட்டுமே. அதிலும் குழந்தையின் பல் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். பல் முளைத்தபின் அதன் வேர் வளர்ந்து முடிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை வேர் நுனி அகலத் திறந்திருப்பதால் ரத்த ஓட்டம் மீண்டும் உள்ளே போய் நரம்பு பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. 'சில வாரம் கழித்து வாருங்கள்' என்று மருத்துவர் சொன்னால் அவர் அலட்சியம் செய்கிறார் என்று எண்ண வேண்டாம். சொன்ன தேதியில் தவறாமல் போவது உங்கள் பங்கு. என் வீட்டில் யாரும் அப்படி ஒரு தேதியைக் கேட்டு வாங்கவில்லை, அதுதான் என் பல்லுக்கு நேர்ந்தது.

எல்லாப் பற்களும் மங்கியிருந்தால் முதலில் காரையும் மேற்கறையும் நீக்கிவிட்டு மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். பலருக்கு விஷயம் அதோடு முடிந்துவிடும்.

புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை: நிறம் எதனால் மாறியது என்று நினைக்கிறீர்கள்? நரம்பு உயிரோடு இருக்கிறதா? இப்போது ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தால் என்ன ஆகும்? பல்லை இழைக்காமல் செய்யக்கூடிய வழி இருக்கிறதா?

இதற்கிடையில் வீட்டில் செய்யக் கூடாதவை

எலுமிச்சையைப் பல்லில் தேய்க்காதீர்கள். அமிலத்தை அளக்கும் pH எண் குறையக் குறைய அமிலம் கூடும். அந்த எண் சுமார் 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2 முதல் 2.5 வரை. தேய்த்ததும் பல் பளிச்சென்று தெரிவது உண்மைதான். கரைந்துபோன மேற்பரப்பின் பளிச் அது. எனாமல் மெலிய மெலிய அடியிலிருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும், கூச்சமும் கூடவே வரும். வெள்ளையாக்கப் போய் மஞ்சளாக்கிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கரித்தூள் பல்பொடி மேற்கறையைச் சுரண்டி எடுக்கும். சேர்ந்து எனாமலையும் தேய்க்கும். உள்நிறத்துக்கு ஒன்றும் செய்யாது. கத்தி, ஊசி, நகவெட்டிக் கம்பி கொண்டு சுரண்டுவது பற்றிச் சொல்லவே தேவையில்லை. அழகு நிலையங்களில் செய்யும் பிளீச்சிங்கைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே எக்ஸ்ரே எடுக்க மாட்டார்கள், சொத்தையைப் பார்க்க மாட்டார்கள். திறந்து கிடக்கும் சொத்தைக்குள் ரசாயனம் போனால் வலி தாங்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012 முதல், 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பல் வெண்மைப் பொருட்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம், 18 வயதுக்கு உட்பட்டோருக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. அப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது என்பதை மனதில் வையுங்கள்.

வெண்மை பேஸ்ட்டுகள் மேற்கறையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

நான்காம் படி: சிகிச்சையைத் தேர்வது

பல் விஷயத்தில் நான் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரே விதி: திரும்ப ஒட்டவைக்க முடியாததைக் கடைசியாக வெட்டு. குறைவாகத் தொடும் சிகிச்சையிலிருந்து தொடங்கி மேலே போகலாம். அதற்கும் முன்னால், காரணமான நோய் தீர்ந்திருக்க வேண்டும். சொத்தை இருந்தால் அடைத்து, நரம்பு செத்திருந்தால் வேர் சிகிச்சை முடித்து, ஈறு ஆறிய பிறகே நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

உயிருள்ள பற்கள் மஞ்சளாக இருந்தால், மருத்துவர் அச்செடுத்துச் செய்துதரும் பல்வரிசையில் பொருந்தும் மெல்லிய தட்டில் வெளுக்கும் பசையை இட்டு இரவில் போட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது. 1989இல் ஹேவுட், ஹேமன் என்ற இரண்டு பல் மருத்துவர்கள் இதை முறையாக எழுதி வெளியிட்டார்கள். இன்றுவரை நன்கு சோதிக்கப்பட்ட முறை இதுதான். வழக்கமான பசையில் 10 சதவீதம் கார்பமைடு பெராக்சைடு இருக்கும். அது வாயில் பிரிந்து ஏறக்குறைய 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடாக வேலை செய்யும். சாதாரண மஞ்சளுக்கு இரண்டிலிருந்து ஆறு வாரம். டெட்ராசைக்ளின் கறைக்கு மாதக்கணக்கில் போட வேண்டியிருக்கும், சாம்பல் பட்டைகள் முழுதாகப் போகாமலும் இருக்கலாம். நடுவில் பல் கூசும், ஈறு சிறிது எரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் தணியும். கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வது அடர்த்தி கூடிய மருந்தால். சீக்கிரம் முடியும், கூச்சம் அதிகம். அவசரம் இல்லாதவர்களுக்கு நான் வீட்டு முறையையே சொல்வேன். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தள்ளிப்போடுவது நல்லது. உள்ளறை மூடி மஞ்சளான அந்த ஒற்றைப் பல்லுக்கும் இதே தட்டை, அந்தப் பல்லுக்கு மட்டும் பசை வைத்துப் பயன்படுத்தலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம்: அடைப்பு, கேப் (பல்லை முழுதும் மூடும் உறை), வெனீர் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு) எதுவும் பிளீச்சிங்கில் வெளுக்காது. முன்பற்களில் பழைய அடைப்பு இருந்தால், பல் வெளுத்தபின் அது மட்டும் பழைய நிறத்தில் துருத்திக்கொண்டு தெரியும், மாற்ற வேண்டிவரும். அதையும் பிளீச்சிங் முடிந்த மறுநாளே செய்யக் கூடாது, இரண்டு வாரம் விட வேண்டும். பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் புதிய அடைப்பு சரியாக ஒட்டுவதைத் தடுக்கும்.

வேர் சிகிச்சை செய்தும் கருத்திருக்கும் பல்லுக்கு வெளியிலிருந்து வெளுப்பதைவிட உள்ளிருந்து வெளுப்பது சிறந்தது. எனக்குச் செய்தது இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். பல்லின் பின்புறத் துளையைத் திறந்து, உள்ளே எஞ்சியிருக்கும் பொருளைச் சுத்தமாக எடுத்துவிடுவார்கள். வேர்க்குழாயை நிரப்பியிருக்கும் ரப்பர் போன்ற பொருளின் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் சிமென்ட் மூடி போடுவார்கள். இந்த மூடி மிக முக்கியம். அது இல்லாவிட்டால் மருந்து கீழே கசிந்து, ஈறின் அருகே வேரை வெளியிலிருந்து கரைத்துவிடும் ஆபத்து உண்டு. பிறகு சோடியம் பெர்போரேட் பொடியைத் தண்ணீரில் குழைத்து உள்ளே வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவார்கள். பல் வாயில் இருந்தபடியே நாளுக்கு நாள் வெளுக்கும். ஒரு வாரம் போல் கழித்து மருந்தை மாற்றுவார்கள். இரண்டு முதல் நான்கு முறை ஆகலாம். எனக்கு மூன்று முறை. வலியே இல்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு பக்கத்துப் பல்லோடு கிட்டத்தட்ட ஒத்துப்போன நிறத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது, பதினோரு வருடம் ஏன் சும்மா இருந்தேன் என்று அழுகையே வந்துவிட்டது. சூடேற்றிச் செய்யும் பழைய முறையைத் தவிர்ப்பது நல்லது. வேர் கரையும் ஆபத்தைச் சூடு கூட்டும்.

எனாமலின் மேலடுக்கில் மட்டும் உள்ள பழுப்பு, வெள்ளைத் திட்டுகளுக்கு இரண்டு வழிகள். ஒன்று, மெல்லிய அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் மேலடுக்கை முடியின் அளவு மெருகிட்டு எடுப்பது. ஃப்ளூரைடால் வந்த பழுப்புக்கு இது நன்றாகக் கேட்கும். இன்னொன்று, தண்ணீர்போல் மெல்லிய பிசினைத் திட்டுக்குள் ஊறவைத்து, நீல ஒளியால் இறுகச் செய்வது. திட்டு வெள்ளையாகத் தெரிவதே அங்கே உள்ள நுண்துளைகளில் காற்றும் நீரும் நின்று ஒளியைச் சிதறடிப்பதால்தான். அந்த இடத்தை எனாமலைப்போலவே ஒளியை வளைக்கும் பிசின் நிரப்பினால் வெள்ளை மறைந்துவிடும். சொத்தையின் தொடக்க வெள்ளைக்கும், கம்பி கழற்றிய பின் வரும் வெள்ளைக்கும் பொருத்தமானது.

இவையெல்லாம் போதாதபோது மேலே பூசி மறைப்பது. பல் நிறப் பிசினைப் பூசினால் பல்லை இழைக்கவே வேண்டாம் அல்லது மிகக் கொஞ்சம் போதும்; சில வருடத்தில் தானும் கறை பிடிக்கும், திருத்திக்கொள்ளலாம். பீங்கான் வெனீருக்கு முன்புறத்தில் அரை மில்லிமீட்டர் அளவில் இழைக்க வேண்டியிருக்கும். அது திரும்பாது, வாழ்நாளில் சில முறை மாற்றவும் வேண்டும். மிகக் கருத்த பல்லின் மேல் மெல்லிய வெனீர் போட்டால் கருமை ஊடாகத் தெரியும் என்பதால், முதலில் வெளுத்துவிட்டுப் பிறகு போடுவதே முறை. கேப் போட நாலாபுறமும் இழைக்க வேண்டும். பாதிக்கு மேல் உடைந்த அல்லது பெரிய அடைப்புள்ள பல்லுக்கு அது நியாயம். நிறத்துக்காக மட்டும் நல்ல பல்லை இழைத்துக் கேப் போடச் சொன்னால் இன்னொரு மருத்துவரின் கருத்தையும் கேளுங்கள்.

குழந்தைகளின் பெற்றோருக்கு

ஆறு, ஏழு வயதில் முன்வரிசையில் புதிதாக முளைத்த பல் பக்கத்துப் பால்பற்களைவிட மஞ்சளாகத் தெரிகிறதா? பயப்பட வேண்டாம். நிரந்தரப் பல்லில் டென்டின் தடிமன் அதிகம், பால்பல் இயல்பிலேயே அதிக வெள்ளை. பால்பற்கள் எல்லாம் விழுந்தபின் ஒப்பிட ஆள் இருக்காது.

ஆறு வயதில் பால்பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல்லிலும் முன்பற்களிலும் வெண்மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டு இருந்து, பல் துலக்கும்போது குழந்தை வலிக்கிறது என்று அழுதால் உடனே காட்டுங்கள். எனாமல் சரியாக இறுகாமல் முளைத்த பல் அது. மெல்லும் வேகத்திலேயே உதிர்ந்துபோகக்கூடியது. குழந்தை அடம்பிடிக்கிறது என்று நினைத்துத் துலக்குவதை விட்டுவிட்டால் மாதங்களில் சொத்தை பிடித்துவிடும்.

மூன்று வயது வரை அரிசி மணி அளவும், அதற்குமேல் ஆறு வயது வரை பட்டாணி அளவும் ஃப்ளூரைடு பேஸ்ட் போதும். விழுங்காமல் துப்பப் பழக்குங்கள். முன்பற்களில் நிறக்குறை உள்ள பிள்ளையைப் பள்ளியில் கேலி செய்கிறார்கள் என்றால் '18 வயது ஆகட்டும்' என்று தள்ள வேண்டியதில்லை. பிசின் பூச்சும், ஊறவைக்கும் முறையும் சிறுவயதிலேயே செய்யக்கூடியவை. வெனீரும் கேப்பும்தான் காத்திருக்க வேண்டும். இளம் பல்லில் நரம்பறை பெரிது, ஈறின் விளிம்பும் இன்னும் நிலைகொள்ளவில்லை.

பிறகு

வெளுத்த முதல் இரண்டு வாரம் தேநீர், காபி, புகையிலிருந்து விலகியிருங்கள். நிறம் முதலில் கொஞ்சம் பின்வாங்கும், பிறகு நின்றுவிடும். சில வருடம் கழித்து மீண்டும் மங்கினால் பழைய தட்டில் சில இரவுகள் பசை வைத்தால் போதும், தட்டைப் பத்திரப்படுத்துங்கள். இரும்புச்சத்து திரவத்தை உறிஞ்சுகுழலால் குடித்துவிட்டு வாய் கொப்புளியுங்கள். புளிப்பானது எதையாவது சாப்பிட்டால் அரைமணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

அடிபட்ட பல்லையும், உள்ளிருந்து வெளுத்த பல்லையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். வேர் கரைவது வலிக்காது, எக்ஸ்ரேயில்தான் தெரியும். என் பல்லின் படங்கள் ஒரு உறையில் தேதி வரிசையில் இருக்கின்றன. முதல் படத்தில் வேர் நுனியில் இருந்த அந்த வட்ட நிழல், மூன்றாவது படத்தில் பாதியாகியிருந்தது. ஐந்தாவது படத்தில் இல்லை, அங்கே எலும்பு நிரம்பியிருக்கிறது.